கச்சேரிக்குத் துட்டி கேட்க வந்த அத்தை

சேரன்மகாதேவி சப்கலெக்டர் கச்சேரி வாசலில் அழுதவர்கள் அநேகம் பேரை நான் பார்த்திருக்கிறேன். அங்கே குமாஸ்தாவாகப் பேனா பிடித்த காலத்தில் அது எனக்குப் பழகிப்போன சத்தம். கார் நெல்லை வெள்ளம் கொண்டுபோயிற்று, தீர்வையைத் தள்ளுங்கள் என்று அழுவார்கள். மடைத் தண்ணீரைப் பக்கத்து ஊர்க்காரன் மறித்துவிட்டான் என்று அழுவார்கள். கர்ணம் பொய் எழுதிவிட்டார் என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். எல்லா அழுகைக்கும் கடைசியில் ஒரு வேண்டுதல் நிற்கும். ஒன்றுமே வேண்டாமல் அந்த வாசலில் அழுதவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் என் அத்தை. என் மனைவியைப் பெற்ற தாயார். வெள்ளைச் சேலையும் அவிழ்த்துப் போட்ட தலைமயிருமாக, பின்னால் ஊர்ப் பெண்கள் சூழ, அவள் பங்களா வேப்பமரத்தடியில் வந்து நின்ற நிற்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. அப்புறம்தான் நெஞ்சு நிறைகிறது.

அந்த வருஷம் வரைக்கும் ராஜாக்களையும் மந்திரிகளையும் சுடுவது என்பது எங்களுக்குப் பத்திரிகையில் படிக்கிற சமாசாரம். எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு ராஜாவையும் அவர் பிள்ளையையும் வண்டியில் வைத்தே சுட்டார்கள் என்று செய்தி வந்தபோது, கச்சேரியில் நாங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே அதைப் பேசித் தீர்த்தோம். குறி பார்த்தவன் கெட்டிக்காரன் என்று ஒருவர். காவல்காரர்கள் தூங்குமூஞ்சிகள் என்று ஒருவர். செத்தவர்களுக்காக யாரும் ஒரு 'ஐயோ' சொன்னதாக ஞாபகம் இல்லை. பாரசீகத்தில் ஷாவுக்கும் ஜனங்களுக்கும் சண்டை, ஒழுங்கை நிலைநாட்ட ருஷ்யப் பட்டாளம் உள்ளே நுழைந்திருக்கிறது என்று வந்தபோது மட்டும், என் பக்கத்து மேஜைக்காரரான மேலப்பாளையத்து அண்ணாச்சி முகம் சுருங்கிப் போனார். "ஒழுங்கு பண்ணுதேன்னு வந்தவன் என்னைக்கு வே திரும்பிப் போயிருக்கான்?" என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்து சப்கலெக்டர் துரையின் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அதற்கப்புறம் பாரசீகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்படிப்பட்ட எங்களுக்குத்தான் ஓர் ஆனி மாதத்தில் அந்தத் தந்தி வந்தது. மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த ஜில்லா கலெக்டரை ஒரு வாலிபன் சுட்டுவிட்டான். சுட்டவனும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தான். மணியாச்சி எங்களுக்குப் பட்டணம் போகும் வழி. வண்டி மாறுவதற்காக நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்ற பிளாட்பாரம் அது. சேதி கேட்டதும் வந்த பேச்சு ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. கடைத்தெருவில் சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் கல்கண்டு கொடுத்தவர்கள் உண்டு. எனக்கு வேண்டிய ஒரு வக்கீல் என் காதோரம் வந்து, "பைய பேசும், ஆனா நல்ல காரியம்" என்றார். அதே வக்கீல் இரண்டு நாள் கழித்து இரங்கல் கூட்டத்தில் ஏறி, கொலைகாரனைச் சபித்து இங்கிலீஷில் விளாசினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. பயத்துக்கும் தண்ணீர் வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன். நானும் அந்தக் கூட்டத்தில் எல்லோரோடும் எழுந்து நின்று, எல்லோரோடும் உட்கார்ந்தேன். ஊருக்குள் வெளியூர்ப் போலீஸ் வந்து இறங்கியது. நாலு இளவட்டங்கள் சேர்ந்து நின்றால் பிடி, கதர்மாதிரி முரட்டுத் துணி கட்டியிருந்தால் பிடி என்று ஆனது.

அந்தப் பிடியில் என் மச்சானும் போனான். அத்தைக்கு ஒரே பிள்ளை அவன். மாமா காலமான பிறகு அவனையும் என் மனைவியையும் அவள்தான் தனியாக நின்று ஆளாக்கினாள். ஆற்றுக்கு அக்கரையில் சின்ன ஊர், கொஞ்சம் வயல். பையன் மெட்ரிகுலேஷன் வரை படித்தான். படித்த படிப்பு போதாதென்று ஆற்றுமணலில் நடந்த சுதேசிப் பிரசங்கங்களுக்கும் போனான். ஒரு தீபாவளிக்கு நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த சீமை மல்வேட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொளுத்தினவன் அவன்தான். அதற்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தோம். அவனுக்கும் மணியாச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் சம்பந்தம் இருக்கிறதா என்று யாரும் அப்போது பார்க்கவில்லை. வாய் நீளமானவன் என்று ஊருக்கே தெரியும். அது போதுமானதாக இருந்தது. இன்ஸ்பெக்டர் ஆளனுப்பிக் கூட்டிப்போய் லாக்கப்பில் வைத்தார். சதியில் கைகோத்தவன் என்று எழுதிவிட்டால் அந்தமானோ தூக்கோ, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. என் மனைவி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். துரையிடம் போய்ச் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று என்னைப் பிய்த்து எடுத்தாள். துரையிடம் போய் நான் என்ன சொல்வேன்? கச்சேரியில் என் மச்சான் பெயரை யார் எடுத்தாலும் நான் காகிதத்தின்மேல் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கும் அவளுக்கும் என்றைக்கும் ஆகாது. "துரைக்குப் பேனா புடிக்க மாப்பிளை" என்று உறவுக்காரர் நடுவில் என்னை அறிமுகம் செய்வாள். அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. வந்தவள் மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பெரிய துரை எழவுக்குத் துட்டி கேட்டாச்சா, மாப்பிளை?" என்றாள்.

"கூட்டம் போட்டு வருத்தம் தெரிவிச்சாச்சு, அத்தை."

"கூட்டம் கெடக்கட்டும். எழவு வீட்டுக்காரங்க கையைத் தொட்டு யாரு துட்டி கேட்டா?"

யாரும் கேட்கவில்லை என்றேன். அத்தையின் முகம் இருண்டது. "அப்பம் பகை தங்கிப் போகுமுல்லா" என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டு குடும்பத்துக்குப் பகை என்றால் பத்து வருஷம் முகம் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீட்டுக்காரன் துட்டி கேட்கப் போவான். செத்தவருக்கு உரிமைப்பட்டவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்ட, வந்தவன் தன் கைகளால் அதைத் தொடுவான். பேச்சு ஒன்றும் கிடையாது. அந்தத் தொடுகையோடு பழைய வாய்ச்சண்டை பாதி கரைந்துவிடும். போகாமல் இருந்துவிட்டால்தான் விபரீதம். 'சாவுக்கும் வரவில்லை' என்ற சொல் தங்கிவிட்டால் அடுத்தபடி அரிவாள்தான். அத்தைக்கு ராஜாங்கமும் சதியும் தெரியாது. வெள்ளைக்காரர் வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கிறது. நம் பக்கத்துப் பையன் ஒருவன் கையால் விழுந்திருக்கிறது. நம் ஜனத்தில் ஒருவர்கூடப் போய்க் கையைத் தொடவில்லை. பகை முற்றினால் பதிலுக்கு அவர்கள் எடுக்கப்போவது தன் பிள்ளையைத்தான் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கலெக்டர் வீட்டம்மாள் இருக்கும் இடத்துக்குப் போகமுடியாது, காவல் போட்டிருக்கிறார்கள் என்றேன். "அப்பம் ஒங்க துரைகிட்ட கேக்கேன். அவரு பங்காளிதான" என்றாள். இங்கிலீஷ்காரர்களுக்குள் உத்தியோகத்தை வைத்துப் பங்காளி முறை கிடையாது என்று நான் விளக்கப் பார்த்தேன். "ஒரே சாதி, ஒரே சோலி, ஒரே ராசா. இதுல பங்காளி இல்லாம பின்ன என்ன?" என்று என் வாயை அடைத்துவிட்டாள். வரவேண்டாம் என்று மன்றாடினேன். தலையை ஆட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அத்தை தலையை ஆட்டினால் ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை என்று கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கச்சேரி கூடியதும் ஆற்றுப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, அத்தை முன்னால் வந்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் கலகம் என்று எண்ணித் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்கள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்ததும் யாரென்று கண்டுகொண்டார். கச்சேரியும் குடியிருப்பும் ஒன்றாயிருந்த பங்களாவின் முகப்புக்குத் துரை வந்தார். சின்ன வயது, செத்துப்போன கலெக்டரிடம் வேலை பழகினவர். சேதி வந்ததிலிருந்து மேஜைமேல் ரிவால்வரை வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் அவரிடம் இங்கிலீஷில் சொன்னது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது: இவள் லாக்கப்பில் இருப்பவனின் தாய், மகன் செய்த குற்றம் உறுத்துவதால்தான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள், இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பிள்ளையைக் காப்பாற்ற வந்தவள் பிள்ளைக்குக் கயிறு திரித்துக்கொண்டு நிற்கிறாள், அது தெரியாமலே அழுதுகொண்டு நிற்கிறாள்.

எப்படி நடந்தேன் என்று தெரியாது, துரையின் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். இவள் என் மனைவியின் தாயார் என்றேன். இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓஹோ, ஒம்ம மாமியாரா வே?" என்றார். வேலை போயிற்று என்று அப்போதே தலைமுழுகிவிட்டேன். போனது போகட்டும் என்ற பிறகு வாய் நன்றாக வந்தது. துட்டி என்றால் என்ன என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் துரைக்குச் சொன்னேன். கொன்றவன் வீட்டார் துட்டிக்கு வரமாட்டார்கள் ஐயா, வரக் கூசுவார்கள். எங்களுக்கு இதில் பங்கில்லை, உங்கள் துக்கத்தில் பங்குண்டு என்கிறவர்கள்தான் வருவார்கள் என்றேன். துரை படி இறங்கினார். ஒரு கையை நீட்டினார். இரண்டு கையையும் நீட்டவேண்டும் என்றேன். நீட்டினார்.

அத்தை அந்தக் கைகளைத் தன் இரண்டு கையாலும் தொட்டாள். "நாடு விட்டு நாடு வந்து, பெத்தவ மடி இல்லாம இப்பிடிப் போயிட்டாகளே அய்யா, ஒங்க அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான். கொலையைக் கண்டித்து, ராஜவிசுவாசம் சொல்லி அது வரை வந்த விண்ணப்பங்கள் எல்லாம் ராஜாங்கத்துக்கு வந்தவை. செத்தவர் ஒரு மனுஷர், அவருக்கு ஒரு தாய் இருந்திருப்பாள் என்று அந்தக் கச்சேரியில் வந்து சொன்னது அவள் ஒருத்தி. துரை கண்ணை வேப்பமரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். அத்தை விடவில்லை. எழவு வீட்டில் அடுப்பு எரியாது என்று கருப்பட்டி போட்ட சுக்குத்தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்திருந்தாள். பின்கட்டில் பட்லர் கோழி பொரிக்கிற வாசனை எங்கள் எல்லோர் மூக்கிலும் ஏறிக்கொண்டிருந்தது. அத்தை அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. துரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். காரம் தலைக்கேறி இருமி, கண்ணில் தண்ணீர் வந்தது. கண் துடைத்துக்கொள்ள அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

பிறகு துரை, பரீட்சைக்குப் படித்த தமிழில், "அம்மையே, உன் குமாரனைக் குறித்து நீ யாது வேண்டுகிறாய்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் ஊரில் ஒவ்வொருவனும் தவம் கிடந்தான். ஜில்லாவில் பிடிபட்ட பிள்ளைகளின் தாய்மார் எத்தனை பேர் எத்தனை வாசலில் நின்றும் கிடைக்காத கேள்வி. சொல்லுங்கள் அத்தை, சொல்லுங்கள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். அத்தை துரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"துட்டி கேக்க வந்த எடத்துல சொந்தக் காரியம் பேசப்பிடாது அய்யா" என்றாள்.

தலைமயிரை அள்ளி முடிந்தாள். திரும்பி நடந்தாள். துட்டிக்கு வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை, அவளும் சொல்லவில்லை. பெண்கள் எல்லோரும் அவள் பின்னாலேயே சத்தமில்லாமல் போனார்கள். கோபித்துக்கொண்டு போகிறாளா என்று துரை என்னைக் கேட்டார். இல்லை, வழக்கமே இதுதான் என்றேன். துரை அந்தச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, மன்னிப்புக் கேட்க வந்தவள் கேட்காமல் போவாளா என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் அக்கரைக்குப் போய் அத்தையோடு சண்டை போட்டேன். வந்த வாய்ப்பை இப்படிக் காலால் தள்ளுவார்களா என்று கத்தினேன். "எழவு வீட்டுல ஆதாயம் பாத்தா அது துட்டியா மாப்பிளை? யாவாரம்லா" என்றாள். நெல் குத்துவதை நிறுத்தாமலே சொன்னாள். நான் கோபமாகத் திரும்பி வந்தேன். ஆனால் துரை அந்த வாரமே லாக்கப்புக்குத் தானே போய் என் மச்சானை வைத்து நேரில் விசாரித்தார் என்று மேலப்பாளையத்து அண்ணாச்சிதான் வந்து என் காதில் போட்டார். என் வேலையும் போகவில்லை. துரை என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. அந்தத் துட்டியால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நடந்தது நடந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. எந்தத் தேசத்துச் செய்தியும் அன்றன்றைக்கே வந்துவிடுகிறது. எங்கோ ஒரு தலைவரைச் சுட்டார்கள், உடனே அமைதி காக்கிறோம் என்று அந்நியப் பட்டாளம் இறங்கியது என்று படிக்கிறோம். காப்பிக் கடையில் மேஜையைத் தட்டிப் பேசுகிறார்கள். வேண்டியவர் செத்தால் ஐயோ, வேண்டாதவர் செத்தால் நல்லது, பட்டாளம் இறங்கியது சரி, இல்லை தப்பு என்று பேச்சு நீளுகிறது. நாங்களும் அந்தக் கச்சேரியில் வெற்றிலை போட்டுக்கொண்டு இப்படித்தான் பேசினோம், ஆகையால் இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் யார் வீட்டில் எழவு என்று கேட்க ஓர் ஆள் அங்கே இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. எனக்கு அப்படி ஓர் ஆள் வாய்த்தாள். அதுவும் மாமியாராக வாய்த்தாள். உயிரோடு இருக்கும்போது அவளுக்கு நான் நன்றி சொன்னதில்லை. மாமியாருக்கு நன்றி சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமும் இல்லை. இங்கே எழுதிவைக்கிறேன். என் மச்சான் உயிரோடு இருந்ததற்கும், நான் கொஞ்சமாவது மனுஷனாக ஆனதற்கும் அவளுக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மச்சானைக் குற்றம் ஒன்றும் சாட்டாமலே விட்டுவிட்டார்கள். அப்போது ஆடிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான்தான் போய் அழைத்துவந்தேன். இளைத்துப் போயிருந்தான், தோளில் கன்றிப்போன தடம் இருந்தது. வழியெல்லாம் அவன் என்னோடு பேசவில்லை. லாக்கப்பிலிருந்து வருகிறவனை அப்படியே வீட்டுக்குள் விடமுடியாதென்று அத்தை அவனை முற்றத்தில் கல்லின்மேல் உட்காரவைத்து, குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். ஒரு குடம் விழுந்ததும் அவன் வெடித்தான்.

"எம்மா, வெள்ளைக்காரன் வாசல்ல போயி மாரடிச்சு அழுதியாமே? லாக்கப்புல வச்சே சொல்லிச் சிரிச்சானுவ. நாட்டுக்காக ஒருத்தன் உசிரைக் குடுத்துட்டு அங்கன செத்துக் கெடந்தான். அவனுக்கு அழ ஒனக்குத் தோணலையா?"

அத்தையின் கை நின்றது. குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"சாவுச் சேதி வந்த அன்னைக்கே ஆத்துல எறங்கித் தலைமுழுகிட்டேம்லே" என்றாள். "துரைக்கு ஒரு முழுக்கு. சுட்ட பிள்ளைக்கு ஒரு முழுக்கு. அவனையும் ஒருத்தி பத்து மாசம் சொமந்துதான பெத்தா? மூணாவது முழுக்கு எம்பிள்ளைக்காக முங்க வச்சிராதேன்னு ஆத்துக்கிட்ட கேட்டுக்கிட்டுதாம்லே கரையேறினேன். அதுக்குத்தான் அவரு கையையும் போயித் தொட்டேன்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுதானா, தண்ணீர்தான் வழிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை அடுத்த குடத்தை எடுத்து அவன் தலையில் ஊற்றினாள்.